கய்யூம் பாய் சுத்தம் செய்த வானம்

அப்துல் கய்யூமுக்குப் புள்ளி ஆகாது. குப்பை கூளத்தை அவர் கண்டுகொள்ளவே மாட்டார். ஆனால் சட்டையில் ஒட்டிய நூல், டீ கிளாஸ் விளிம்பில் நிற்கும் துளி, சுவரில் யாரோ பென்சிலால் வைத்த பொட்டு, இவற்றையெல்லாம் பார்த்தால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. பேசிக்கொண்டிருக்கும்போதே கை நீண்டு வந்து என் தோளிலிருந்து ஒரு முடியை எடுத்துப் போடும். பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் ஒரு வருஷம் எனக்கு எரிச்சலாக வந்தது. அப்புறம் பழகிவிட்டது.

டி. நகர் பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் ஸ்டூடியோ. நான் பொன்ராஜ், கவுண்டரில் உட்கார்ந்து கவர் எழுதுகிறவன். திருநெல்வேலிப் பக்கம். கோபம் எனக்கு மூக்கின் மேல்தான் இருக்கும். பாய் உள்ளே, வடக்கு ஜன்னலோரம், டச்சிங் மேஜையில் உட்கார்ந்திருப்பார். சாய்வான ஒரு கண்ணாடி, அதற்குக் கீழே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, அதில் பட்டு மேலே ஏறி வரும் ஜன்னல் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் நெகட்டிவை வைத்து, ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, ஊசியாகச் சீவிய பென்சிலால் ஊரார் முகங்களைச் சரி செய்வார். பரு போகும், அம்மைத் தழும்பு போகும், மாப்பிள்ளையின் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையம் போகும். ஒரு தடவை மயிலாப்பூர்ப் பெண் ஒருத்தியின் கன்னத்து மச்சத்தையும் சேர்த்து எடுத்துவிட்டார். படத்தைப் பார்த்துவிட்டுப் பெண் பார்க்க வந்தவர்கள், இது அக்காவா தங்கையா என்று கேட்டார்களாம். பெண்ணின் அப்பா வந்து கவுண்டரில் நின்று என்னைப் பார்த்துத்தான் கத்தினார். பாய் உள்ளே பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

எங்கள் முதலாளிக்கு ஒரு சட்டம் உண்டு. புள்ளி விழுந்த படம் இந்த மாடிப்படி இறங்கக் கூடாது. மற்ற ஸ்டூடியோக்களில் கல்யாணப் படத்துக்கும் பாஸ்போர்ட் படத்துக்கும்தான் டச்சிங். எங்களிடம் யார் எந்த பிலிம் ரோலைக் கொண்டு வந்தாலும், வானம் இருந்தால் வானம் சுத்தமாக இருக்க வேண்டும். கவரின் மூலையில் 'டச்சிங்' என்று ஒரு கட்டம் இருக்கும். வந்தவர்களைக் கேட்டுத்தான் அதில் டிக் போட வேண்டும். நான் கேட்பதில்லை. கவரை எடுத்ததும் என் கை தானாகப் போட்டுவிடும்.

எழுபத்து நாலாம் வருஷம், ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த சமயத்தில் நீரஜா என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். டெலிபோன் ஆபீஸில் வேலை. அடையாறு காந்தி நகரில், ஆற்றைப் பார்த்த வீடு. ஒரே ஒரு ரோல் கொடுத்தாள். அப்பா பெட்டிக் கேமராவில் எடுத்தது, பன்னிரண்டு படம், சீக்கிரம் வேண்டும் என்றாள். கவர் எழுதினேன். டிக் போட்டேன். நாலு நாளில் வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாளே திரும்பி வந்துவிட்டாள். படங்களைக் கவுண்டரில் வரிசையாகப் பரப்பினாள். பன்னிரண்டிலும் வெள்ளை வானம். கீழே ஓரமாக, சிலவற்றில் மட்டும், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் விளிம்பு. வேறு ஒன்றும் கிடையாது.

"சார், இதுல ஒண்ணுமே இல்லையா?" என்றாள்.

"நீங்க குடுத்த ரோல்ல இருந்ததுதாம்மா," என்றேன். எனக்கு அதற்குள் சுருக்கென்று வந்துவிட்டது. வானத்தைப் படம் பிடித்துவிட்டு நம்மை வந்து கேட்டால்?

குரல் கேட்டுப் பாய் வெளியே வந்தார். படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது பெருமைதான், நான் பொய் சொல்ல மாட்டேன்.

"இன்னா சுத்தமா கீது பாருங்கம்மா. ரோல் பூரா ஒரே கீறல், தூசி. ஒண்ணு உடாம எடுத்துக் குடுத்தேன்."

அவள் கவுண்டரில் கிடந்த படங்களை அடுக்கினாள். அப்புறம் மெதுவாகத்தான் சொன்னாள். அப்பா பெயர் வேம்பு. தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போனதிலிருந்து பகலெல்லாம் மொட்டைமாடியில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார். போன மாசம் ஒரு ஜுரம் வந்து போனது. ஜுரத்துக்குப் பிறகு, கடல் பக்கமிருந்து ஒரு பெரிய பறவை வருகிறது, கழுகு, பருந்தைப் போல இரண்டு மடங்கு என்று தினமும் சொல்கிறார். வேறு யார் கண்ணிலும் அது பட்டதில்லை. பம்பாயில் இருக்கும் அண்ணாவுக்கு அவள் இதைக் கடிதத்தில் எழுதியதுதான் தப்பாகப் போயிற்று. அப்பாவுக்குப் புத்தி தடுமாறுகிறது, பகலில் அவரைத் தனியாக விட முடியாது, பம்பாய்க்கே கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று பதில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.

"அவன் வர்றதுக்குள்ள நிரூபிக்கணும்னுதான் அப்பா கேமரா கேட்டார். ஒம்பது நாள் உக்காந்து எடுத்தார். நேத்து இதைப் பாத்துட்டு சாப்பிடலை. அப்படின்னா எனக்கு நிஜமாவே ஏதோ ஆயிடுத்துன்னு மட்டும் சொன்னார்."

பாயின் கையில் படம் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். நான் கவரின் மூலையைப் பார்த்தேன். என் டிக், நீல மசியில், வால் நீட்டிக்கொண்டு இருந்தது.

"நெகட்டிவைக் குடுத்துட்டுப் போங்கம்மா. பாக்கறேன்," என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் படியிறங்கும் சத்தம் நின்ற பிறகுதான் இரண்டு பேருக்கும் வாய் வந்தது.

"டிக்கு போட்டது நீ."

"அழிச்சது நீங்க பாய்."

"எனக்கு இன்னாடா தெரியும், அது பறவைன்னு?"

அது நியாயம்தான். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெள்ளை வானம் அதில் கறுப்பாக இருக்கும். வானத்தில் பறக்கும் கறுத்த பறவை ஓர் ஓட்டை மாதிரி வெளிச்சமாகத் தெரியும். படம் பிடிக்கும்போது பிலிம் மேல் தூசி இருந்தாலும் அதே மாதிரிதான். ஓட்டையைப் பென்சிலால் அடைத்தால் படத்தில் வானம் சுத்தமாகிவிடும். இருபத்திரண்டு வருஷமாக அவர் செய்து வந்தது அதைத்தான்.

அன்று மத்தியானம் அவர் வேலை செய்யவில்லை. மேஜைக் கண்ணாடியில் வெளிச்சம் மட்டும் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு வீடு மயிலாப்பூரில், கச்சேரி ரோடிலிருந்து பிரியும் ஒரு சந்தில். மறுநாள் காலையில் அவர் மனைவி அன்வரி பேகம் டிபன் பாக்ஸைக் கொண்டு வந்து கவுண்டரில் வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இன்னாத்துக்கு இவர் காலைல எழுந்து வாசல்ல நின்னுகினு மேல பாத்துக்கினே கீறார்? டிபன் பாக்ஸைக் கூட மறந்துட்டு வந்துட்டார்."

நான் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

பாய் பஞ்சை டர்பன்டைனில் தோய்த்து, பன்னிரண்டு நெகட்டிவிலும் தான் போட்ட பென்சிலைத் துடைத்தெடுத்தார். அடைத்து வைத்திருந்த ஓட்டைகள் மறுபடி திறந்தன. லென்ஸில் என்னையும் பார்க்கச் சொன்னார். பறவை மாதிரி எதுவும் எனக்குத் தெரியவில்லை. வெளிச்சமாக இரண்டு கோடு, கொஞ்சம் வளைந்தவை, நடுவில் இடைவெளி. பன்னிரண்டிலும் அப்படித்தான்.

"ஒடஞ்சு போச்சு பாரு," என்றார் பாய். "நான் துடைச்சதுல நடுவுல போயிருச்சோ இன்னாவோ. பரவால்ல. சேத்துடறேன்."

அவர் கையில் கத்தி உண்டு, ஊசி மாதிரி. பிலிமின் மேல் படலத்தை மயிரிழையாகச் சுரண்டினால் படத்தில் அந்த இடம் கறுக்கும். இருப்பதிலேயே பெரியதாகத் தெரிந்த ஒரு நெகட்டிவை எடுத்து, இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஓர் உடம்பைச் சுரண்டி உண்டாக்கினார். தலை வைத்தார். வாலும் வைத்தார். பிரிண்ட் போட்டுப் பார்த்தபோது அசல் பறவை, கறுகறுவென்று, இறக்கையை விரித்துக்கொண்டு நின்றது. எனக்கு உயிர் வந்தது. பிரமாதம் பாய் என்றேன். நீரஜா வந்ததும் அதைக் கொடுத்தேன். அவள் கண் கலங்கி நன்றி சொன்னாள். எங்கள் தப்பை அப்போதும் நாங்கள் சொல்லவில்லை. அது ஒரு கோழைத்தனம், இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது.

சனிக்கிழமை காலை அந்தப் படத்தோடு மறுபடி வந்தாள்.

"அப்பா இதைப் பாத்துட்டு, இது பருந்துடீங்கறார். நான் ஒம்பது நாள் உக்காந்து பருந்தையா பிடிச்சேன், பருந்து தெரியாதா எனக்குன்னு கேக்கறார். ஆனா அவருக்கே சந்தேகம் வந்துடுத்து. பருந்தைப் பாத்துட்டுத்தான் வேற என்னமோன்னு உளறிட்டேன் போலிருக்குன்னு சொல்றார். அண்ணா நாளைக்குக் காலைல வரான். ரெண்டு டிக்கெட் எடுத்துண்டு வரான், திரும்பிப் போறதுக்கு."

பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். அவர் அப்படிக் கவுண்டருக்கு வெளியே வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அம்மா, உங்க அப்பா அந்தப் பறவை எப்படின்னு சொன்னாரு? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"பெரிசுன்னார். வால் குட்டைன்னார். இறக்கை ஓரம் மட்டும் கறுப்பாம். வயிறு வெள்ளையாம். சலவை வேஷ்டி மாதிரி பளிச்சுனு வெள்ளைன்னார்."

"வெள்ளை," என்றார் பாய்.

"ஆமாம்."

பாய் எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளியே மழை வரும்போல வானம் வெளுத்துக் கிடந்தது. அதைப் பார்த்தபடியே நின்றார். திரும்பியபோது அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது.

"வெள்ளை வானத்துல வெள்ளை வயிறு எப்படிம்மா தெரியும்? எறக்கை ஓரம் மட்டும்தான் தெரியும். ரெண்டு கோடு. அது ஒடயல பொன்ராஜ். அது அப்படித்தான் கீது."

அப்புறம் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தூசி என்று அழித்தது, பிறகு தன் கையால் உடம்பு வைத்தது, எல்லாம். டிக் போட்டது நான் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அதை நானே சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சுவரில் சாய்ந்து, சின்னக் குழந்தை மாதிரி, "அப்ப பன்னண்டுலயும் இருந்துதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அவளை அனுப்பிவிட்டு இரண்டு பேரும் டார்க் ரூமுக்குள் போனோம். கடையைப் பார்க்க ஆளில்லை, நான் கவலைப்படவில்லை. உடம்பு சுரண்டிய நெகட்டிவ் வீணாகிவிட்டது. மிச்சம் பதினொன்று. பாய் லென்ஸில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து ஒன்றில் நின்றார். அதில் இரண்டு கோடுகளுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு பொட்டு இருந்தது.

"இது தூசியா பாய்?"

"தூசிக்கு ஓரம் கூர்மையா இருக்கும். பிலிம் மேலயே ஒக்காந்துகினு இருக்கறதாச்சே. தூரத்துல ஆடற பொருளுக்கு ஓரம் கரையும். இதுக்குக் கரையுது பாரு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார், "இது எனக்கு முன்னயே தெரியும்டா. கை பாட்டுக்குப் போயிருச்சு."

படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி, வானத்தின் அந்தத் துண்டை மட்டும் காகிதத்தில் விழ வைத்தார். பிறகு காகிதத்தைத் தட்டில் நழுவ விட்டார். சிவப்பு விளக்கில் மருந்துத் தண்ணீர் மெல்ல அசைந்தது. வெளியே பஸ் போவது, ஆள் கூப்பிடுவது எல்லாம் எங்கோ வேறு ஊரில் நடப்பதுபோல் இருந்தது. எனக்கு அந்தத் தட்டே ஆறாகவும், நாங்கள் இரண்டு பேரும் அதன் கரையில் வெகுகாலமாக நிற்பதாகவும் தோன்றியது. முதலில் சின்னப் பொட்டு வந்தது. உடம்பு முழுக்கக் கறுப்பு, வால் நடுவில் பிளந்திருந்தது. எந்தச் சென்னைக்காரனுக்கும் தெரியும், அது பருந்து. அதற்கு மேலே, தாமதமாக, தயங்கித் தயங்கி அந்த இரண்டு கோடுகள் வந்தன. பருந்தின் ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை எவ்வளவோ அதைப் போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. நடுவில் வெறும் வெள்ளை. பின்னால், வாலின் இடத்தில், மங்கலாக, குட்டையாக ஒரு நிழல்.

பாயின் விரல் காகிதத்தை நோக்கி நீண்டது. பென்சில் பிடிக்கும் விரல்கள். பாதியில் மடக்கிக்கொண்டார். "தொட மாட்டேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறி அடையாறு போனோம். பாய் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நீரஜாவின் அண்ணன் கூடத்தில் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ராத்திரி முழுக்க ரயிலில் வந்த களைப்பு. நல்ல மனிதன்தான், அவசரக்காரன். வேம்பு மாடியிலிருந்து இறக்கப்பட்டு நாற்காலியில் இருந்தார். சின்ன உருவம், பளிச்சென்ற விபூதி. மருமகள் பம்பாயிலிருந்து கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரை யாரோ அவர் மடியில் வைத்திருந்தார்கள்.

அண்ணன் படத்தை வாங்கிப் பார்த்தான். "ரெண்டு கீறல். இதைக் காட்டவா டி. நகர்லேர்ந்து வந்தேள்?"

"கீறல் இல்லீங்க," என்றார் பாய். "நான் இருபத்திரண்டு வருசமா கீறல் பாக்கறவன். உங்க அப்பா பன்னண்டு படம் புடிச்சாரு. பன்னண்டுலயும் இது இருந்துச்சு. வெறும் வானம்னு நீங்க பாத்தீங்களே, அது என் கை வேலை. நான்தான் அழிச்சேன். அப்புறம் பருந்து மாதிரி ஒண்ணு வந்துதே, அதுவும் என் கைதான். இது ஒண்ணுதான் அவர் புடிச்சது. நான் தொடலை."

லென்ஸை எடுத்துக் கொடுத்தார். பருந்தைக் காட்டினார். பிளந்த வாலைக் காட்டினார். பிறகு மேலே இருந்ததை. பருந்து முழுக்கக் கறுப்பாக விழுந்திருக்கும் அதே வானத்தில், அதே வெளிச்சத்தில், இதற்கு மட்டும் நடுவில் ஏன் ஒன்றுமில்லை என்று கேட்டார்.

"கருடனா இருக்கலாமே," என்றான் அண்ணன். "கருடனுக்கும் வெள்ளை உண்டே."

அப்போதுதான் வேம்பு வாய் திறந்தார். "கருடனுக்கு மார் வரைக்கும்தாண்டா வெள்ளை. வயிறு செம்பட்டை. கருடன் பருந்து சைஸ்தான் இருக்கும். இது கடல் கழுகு. ஆத்து முகத்துலேர்ந்து வரது. இறக்கையை மேல தூக்கிண்டு, அசைக்காம, அப்படியே வரும்." இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

அவன் லென்ஸை மறுபடி கண்ணில் வைத்தான். வெகுநேரம் எடுக்கவில்லை. நான் பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்த கோபமான வார்த்தைகள் எல்லாம் எனக்கு மறந்து போயின.

"நான்தான்பா தப்பா நினைச்சுட்டேன்," என்றான். லென்ஸைக் கீழே வைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தான். "ரெண்டு டிக்கெட்ல ஒண்ணைத் திருப்பிக் குடுத்துடறேன்."

நீரஜா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள். வேம்பு ஸ்வெட்டரை மடியிலிருந்து எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தார். பிறகு பாயைப் பார்த்து, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார்.

"இருபத்திரண்டு வருஷமா வானத்துல எது இருந்தாலும் அழிச்சுடுவேளா?"

"ஆமாங்க."

"எத்தனை இருக்கும்?"

பாய் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். வேம்புவும் அண்ணனும் எங்களை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இருட்டும் வரை நால்வரும் நின்றோம். ஆறு பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது, கடல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. கழுகு வரவில்லை. காக்கைகள் வந்தன, கொக்குகள் வந்தன, எட்டத்தில் எதுவோ ஒன்று வந்து வேறு பக்கம் திரும்பிப் போயிற்று. பாய் ஒவ்வொன்றையும் வேம்புவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பெண் வீட்டில் சொந்தக்காரர்களை விசாரிப்பது மாதிரி, இது யாரு, அது யாரு என்றுதான் கேட்டார்.

அந்தப் பழக்கம் அவரோடு தங்கிவிட்டது. வானத்தில் பொட்டு விழுந்த நெகட்டிவ் வந்தால் லென்ஸோடு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். ஓரம் கூர்மையாக இருந்தால் அடைப்பார். கரைந்திருந்தால் விட்டுவிடுவார். நானும் கேட்டுவிட்டுத்தான் டிக் போட்டேன். அடுத்த வருஷம் சைதாப்பேட்டைக் கல்யாணப் படம் ஒன்றில், மாப்பிள்ளை பெண் தலைக்கு மேலே, கோவில் கோபுரத்தை ஒட்டி, ஒரு கறுப்புப் புள்ளி அப்படியே வெளியே போய்விட்டது. அவர்கள் திருப்பிக் கொண்டு வந்தார்கள். முதலாளி படத்தை என் முன்னால் வீசி, எவன் செய்த வேலை இது என்று கத்தினார். பாய் எழுந்து வருவதற்குள் நான் லென்ஸை எடுத்துப் பார்த்தேன். ஓரம் கரைந்திருந்தது.

"அது தூசி இல்ல முதலாளி," என்றேன். "அன்னிக்குக் கல்யாணத்துக்கு அதுவும் வந்திருக்கு."